பதினான்கு பேரும் முப்பத்தோராம் நாளும்

சென்ற மாதம் என் பழைய அலுவலகத்திலிருந்து தொலைபேசி வந்தது. பேசியவர் என் மேசைக்குப் புதிதாக வந்திருக்கும் இத்தாலியப் பெண். இத்தாலியின் பலெர்மோ நகரசபையின் ஒப்பந்த வேலைகளுக்குப் போட்டியிடும் நிறுவனங்களின் பத்திரங்களைச் சரிபார்க்க எங்களிடம் ஒரு படிவம் இருக்கிறது. அது இப்போது முழுக்கக் கணினிக்குப் போகிறதாம். நீளமாக இருக்கிறது, சுருக்குங்கள் என்று மேலிடம் சொல்லியிருக்கிறதாம். "பதினேழாம் வரியை எடுத்துவிடலாமா, சிஞ்ஞோரா? அது எதற்கென்று இங்கே யாருக்கும் தெரியவில்லை" என்று கேட்டார்.

"எடுத்தால் நான் பஸ் பிடித்து அங்கே வந்து நிற்பேன்" என்றேன். அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அந்த வரியை எழுதியவள் நான். சேர்க்க வேண்டிய நிலை வந்ததும் என் பிழையால்தான். அவருக்கு இத்தாலிய மொழியில் இரண்டு பக்கம் எழுதி அனுப்பிவிட்டேன். முழுக் கதையையும் தமிழில்தான் எழுத வேண்டும் என்று தோன்றியது, ஏனென்றால் இதில் முக்கால்வாசி எங்கள் ஆட்களின் கதை.

யாழ்ப்பாணத்திலிருந்து இங்கே வந்து இறங்கியபோது எனக்கு இருபத்துமூன்று வயது. மொண்டெல்லோவில் ஒரு சிஞ்ஞோராவின், அதாவது ஓர் இத்தாலிய அம்மாவின், வீட்டைத் துடைத்தேன். கோடையில் கடற்கரை உணவகத்தில் கோப்பை கழுவினேன். மாலையில் பள்ளிக்கூடம் போய்க் கணக்கியல் டிப்ளோமா எடுத்தேன். குடியுரிமை கிடைத்த கையோடு நகரசபையின் போட்டிப் பரீட்சை எழுதி, மூன்றாம் தடவை தேறினேன். "எங்கட ஆக்களை உள்ளை எடுப்பினமோ" என்று நக்கலடித்தவர்களுக்கு நியமனக் கடிதத்தைப் போட்டோக்கொப்பி எடுத்துக் கொண்டுபோய்க் காட்டினேன். எனக்கு வாய் கொஞ்சம் அதிகம் என்பதை இப்போதே சொல்லிவைக்கிறேன்.

பள்ளிக்கூடங்களைத் துப்புரவாக்குவது, பிள்ளைகளுக்குச் சாப்பாடு கொடுப்பது போன்ற வேலைகளை நகரசபை தனியாருக்கு டெண்டர் விடும். டெண்டர் கேட்கும் நிறுவனம் வேலையைத் திறமாகச் செய்வோம் என்று சொன்னால் மட்டும் போதாது. தன்னிடம் ஆண் எத்தனை, பெண் எத்தனை, யார் எந்தப் பதவியில் என்று அறிக்கை தர வேண்டும். மாற்றுத்திறனாளிகளைச் சட்டப்படி வேலைக்கு எடுத்திருப்பதைக் காட்ட வேண்டும். புதிதாக ஆள் எடுத்தால் ஒரு பங்கு பெண்களுக்கும் இளையவர்களுக்கும் என்று உறுதி கொடுக்க வேண்டும். இவற்றோடு, அதே கட்டடங்களில் பழைய நிறுவனத்துக்கு வேலை செய்தவர்களை முதலில் எடுக்க வேண்டும். இதைச் சமூக விதி என்போம். முதலாளி மாறினாலும் துடைப்பம் பிடித்தவர் தெருவுக்கு வரக்கூடாது என்பதுதான் அதன் கருத்து. இந்தப் பத்திரங்கள் எல்லாம் என் மேசைக்கு வரும்.

என் மேலதிகாரி டொத்தோரெஸ்ஸா கருசோ (பட்டதாரிப் பெண்களை இங்கே டொத்தோரெஸ்ஸா என்றுதான் அழைப்பார்கள்) என்னைவிடப் பத்து வயது இளையவர். கதிரையில் இருந்து அவர் பத்திரம் வாசித்து நான் கண்டதில்லை. யன்னலோரம் நின்றுதான் வாசிப்பார். குரலை உயர்த்த மாட்டார். சரிபார்த்தவர் பென்சிலால் சரி போட வேண்டும், அதன்மேல் அவர் மையால் போடுவார். கோப்பில் பெயருள்ள யாரையாவது உங்களுக்குத் தெரிந்திருந்தால், அதை ஒரு தாள் துண்டில் எழுதிக் கோப்பின் முகப்பில் குத்திவிட வேண்டும். மச்சான் என்றாலும் சரி, மீன் வாங்கும் கடைக்காரர் என்றாலும் சரி. அவருக்கு இன்னொரு வியாதியும் இருந்தது. எந்த அட்டவணையைக் கண்டாலும் "இன்னும் ஒரு நிரல் சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள்" என்பார். தொடக்கத்தில் எனக்கு இது எரிச்சலாக இருந்தது.

அந்த எரிச்சல் போனது பக்கத்து ஊர்ப் பகேரியாக்காரரின் கோப்பில். தோட்டப் பராமரிப்புக்கு டெண்டர் கேட்ட ஒரு சிறு நிறுவனம் அது. ஊழியரில் நான்கு பேர் பெண்கள் என்று காட்டியிருந்தார்கள். தோட்ட வேலையில் நான்கு பெண்களா என்று நான் மகிழ்ந்தே போனேன். டொத்தோரெஸ்ஸா யன்னலோரம் நின்று வாசித்துவிட்டு, வீட்டு விலாசம் என்று ஒரு நிரல் சேர்க்கச் சொன்னார். வந்தது. நான்கு பெண்களுக்கும் ஒரே விலாசம். முதலாளியின் மனைவி, மாமியார், இரண்டு மகள்மார். மாமியாருக்கு எண்பது வயது, மரம் வெட்டும் பிரிவில் இருந்தார். அடுத்ததாக வேலை முறைப் பட்டியலைக் கேட்டோம். அவர்கள் பேசாமல் டெண்டரிலிருந்து விலகிக்கொண்டார்கள். அதன்பிறகு நானே தாளைக் கண்டதும் எந்த நிரல் குறைகிறது என்று தேடத் தொடங்கிவிட்டேன்.

அப்படித் தேடப் பழகிய நான்தான் என் கடைசி வருடத்தில் கோட்டை விட்டேன்.

நகரசபையின் பாலர் காப்பகங்களைத் துப்புரவாக்கும் வேலைக்குப் புதிய நிறுவனம் ஒன்று தெரிவாகியிருந்தது. வடக்கிலிருந்து வந்த பெரிய நிறுவனம். பத்திரங்கள் எல்லாம் கச்சிதம். ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதற்கு முன், பழைய ஊழியரில் யார் யாரை எடுக்கிறோம், எந்த அளவுகோலால் என்று அவர்கள் பட்டியல் தர வேண்டும். தந்தார்கள். நிரந்தர ஊழியர் எல்லோரையும் எடுக்கிறோம் என்று அதில் இருந்தது. நிரந்தர ஊழியர் என்றால் யார் என்று கீழே ஒரு வரி. நோய், மகப்பேறு தவிர்ந்த காரணங்களுக்காக, கடந்த இரண்டு வருடத்தில் தொடர்ச்சியாக முப்பது நாளுக்குமேல் வேலைக்கு வராதிருந்தவர்கள் அதில் சேரமாட்டார்கள்.

வாசித்தேன். முப்பது நாள் என்பது எனக்கு நியாயமாகவே பட்டது. பென்சிலை எடுத்துச் சரி போட்டேன்.

அடுத்த சனிக்கிழமை பல்லரோ சந்தையில் பாகற்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து "அக்கா" என்று குரல் கேட்டது. புவனம். கோயிலில் கண்டு பழக்கம். அல்பெர்கேரியாவில் உள்ள பாலர் காப்பகம் ஒன்றைத் துப்புரவாக்குபவள். நாற்பது வயது இன்னும் ஆகவில்லை.

"அக்கா, என்ரை பேர் லிஸ்ற்றிலை இல்லையாம். புதுக் கொம்பனி கூப்பிட்டுச் சொன்னது. எங்கட ஆக்கள் கன பேரின்ரை பேர் இல்லை. அந்தப் பேப்பர் உங்கட கந்தோரிலைதானே கிடக்குது?"

"புவனம், இன்னும் முடியாத டெண்டரைப் பற்றி நான் ஒருத்தரோடையும் கதைக்க ஏலாது."

"நான் களவு செய்யச் சொல்லிக் கேக்கேல்லை அக்கா. என்ன பிழை விட்டனான் எண்டு மட்டும் சொல்லுங்கோ. ஒம்பது வருசமா ஒரு நாள் பிந்திப் போகேல்லை. ஐப்பசியிலை அப்பா செத்ததுக்குப் போனது ஒண்டுதான். தம்பி கனடாவிலை, பேப்பர் இல்லை, அவன் வரேலாது. நான் ஒருத்திதான் நிண்டு அப்பான்ரை முப்பத்தொண்டும் முடிச்சுப்போட்டு வந்தனான்." அவள் தன் பையை மாற்றிப் பிடித்தாள். "பங்குனியிலை இஞ்சை இருக்கிறதுக்கான பெர்மெஸ்ஸோ புதுப்பிக்க வேணும். வேலை இல்லையெண்டால் குவெஸ்தூராப் பொலிசிலை நான் என்னத்தைக் காட்டுறது? பிள்ளையளின்ரையும் என்ரை பேரிலைதான் கிடக்குது."

"நான் ஒண்டும் சொல்ல ஏலாது" என்று மறுபடியும் சொன்னேன்.

"அப்ப நீங்களும் அவையின்ரை ஆள்தான்" என்றாள். கோபத்தோடுகூட அதைச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும். பாகற்காயை வைத்துவிட்டு வெறும் பையோடு வீட்டுக்கு வந்தேன்.

முப்பத்தொன்று. எங்கள் ஊரில் செத்தவருக்கு அந்தியேட்டிச் சடங்கு நடப்பது முப்பத்தோராம் நாள். அது முடியும்வரை பிள்ளைகள் செத்தவீட்டை விட்டு அசைய மாட்டார்கள். போகவர இரண்டு மூன்று நாளையும் சேர்த்தால், முறைப்படி தாய் தகப்பனுக்குக் கடமை செய்த எந்த யாழ்ப்பாணத்தவரும் அந்த முப்பது நாள் எல்லைக்குள் அடங்கமாட்டார். இது எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். என் அம்மா செத்தபோது நான் போய்ப் பன்னிரண்டாம் நாள் திரும்பிவிட்டேன். முப்பத்தொன்றை அண்ணா செய்தார். அலுவலகத்துக்குத்தான் முதலிடம் கொடுத்தேன் என்று அதைப் பல வருடம் பெருமையாகச் சொல்லித் திரிந்தேன். நான் வரலாம் என்றால் மற்றவர்களும் வரலாம்தானே என்ற எண்ணம் எனக்குள் எங்கேயோ இருந்திருக்கிறது. அந்த எண்ணம்தான் என் கையால் சரி போட்டது. அன்று எனக்கு என்மேல் வந்த வெட்கம் கொஞ்சநஞ்சமில்லை.

திங்கட்கிழமை காலை முதல் வேலையாகத் துண்டில் எழுதினேன். பட்டியலில் விடுபட்ட ஒருவரை எனக்குத் தெரியும், அவர் சந்தையில் என்னோடு பேசினார், நான் பதில் சொல்லவில்லை என்று. குத்திக்கொண்டு போய் டொத்தோரெஸ்ஸாவிடம் கொடுத்தேன். நான் போட்ட சரி பிழை என்பதையும், முப்பத்தோராம் நாள் என்றால் என்ன என்பதையும் சொன்னேன்.

அவர் யன்னலோரம் போய் அந்த வரியை இரண்டு தடவை வாசித்தார். "இந்தக் கோப்பில் இனி நீங்கள் எதுவும் போடக்கூடாது" என்றார். பிறகு சொன்னார்: "ஆனால் நிறுவனத்தார் வரும்போது நீங்கள் அறையில் இருக்க வேண்டும். நான் கேட்டால் மட்டும் பேசுங்கள். அது உங்களுக்குக் கஷ்டம் என்று எனக்குத் தெரியும்." அன்றே நிறுவனத்துக்குக் கடிதம் போனது. எடுக்கப்பட்டவர்களையும் விடுபட்டவர்களையும் ஒரே அட்டவணையில் தரவும். பெயர் தேவையில்லை. வராமல் நின்ற நாட்களும் எழுதிக் கொடுத்த காரணமும் வேண்டும். அதோடு இன்னும் ஒரு நிரல்: பிறந்த ஊர்.

நிறுவனத்தின் சார்பில் ஒரு வக்கீல் வந்தார். நல்ல உடுப்பு, நல்ல மரியாதை. அட்டவணையை மேசையில் வைத்துவிட்டு, "எங்கள் அளவுகோலில் இனமும் இல்லை, மதமும் இல்லை. ஓர் எண் மட்டும்தான் இருக்கிறது. அது எல்லோருக்கும் ஒன்றுதான்" என்றார்.

டொத்தோரெஸ்ஸா கதிரையில் இருக்கவில்லை. "விடுபட்ட பதினான்கு பேரின் பிறந்த ஊரைக் கொஞ்சம் வாசியுங்கள்" என்றார்.

"உங்கள் முன்னால்தானே இருக்கிறது."

"என் கண்ணுக்குக் களைப்பாக இருக்கிறது. வாசியுங்கள்."

அவர் வாசித்தார். யாழ்ப்பாணம். சாவகச்சேரி. யாழ்ப்பாணம். போர்ட் லூயிஸ். கிளிநொச்சி. சாவகச்சேரியில் நாக்குப் புரளவில்லை. நான் உதவவில்லை. பருத்தித்துறையிலும் உதவவில்லை. பதினான்கும் இரண்டு தீவுகளுக்குள் முடிந்தது, இலங்கையும் மொரீசியசும். எடுக்கப்பட்டவர்களில் அந்த இரண்டு தீவுக்காரர் ஒருவரும் இல்லை. பட்டியலின் முடிவுக்கு வந்தபோது வக்கீலின் குரல் இறங்கியிருந்தது.

"இது தற்செயல்" என்றார். "அதோடு பாருங்கள், எல்லோரும் ஒரே காரணத்தை ஒரே மாதிரி எழுதியிருக்கிறார்கள். குடும்பக் காரணம். குடும்பக் காரணம். இதை எப்படி நம்புவது?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. எங்கள் ஆட்களின் படிவம், மொரீசியஸ்காரரின் படிவம் எல்லாவற்றையும் பல்லரோவில் ஒரு கடைக்கார அண்ணர்தான் நிரப்பிக் கொடுப்பார். கலியாணமோ சாவோ, அவர் எழுதுவது ஒரே வசனம்தான். நாங்கள் வாசிக்காமல் கையெழுத்து வைத்துவிட்டு, வெங்காயமும் வாங்கிக்கொண்டு வந்துவிடுவோம். பின்னாளில் நான் அறிந்தபடி, அந்தப் பதினான்கில் ஆறு பேர் சாவுக்குப் போனவர்கள். மற்றவர்கள் இரண்டு வருட லீவைச் சேர்த்து ஒரே தடவையாக ஊருக்குப் போனவர்கள். செத்தவர்களைப் பற்றி ஒரு சொல்கூட அந்தத் தாள்களில் இல்லை.

டொத்தோரெஸ்ஸா மற்றப் பக்கத்தைத் திருப்பினார். "எடுக்கப்பட்டவர்களில் இந்த ஊழியர், பலெர்மோவில் பிறந்தவர். இருபத்திரண்டு நாள் வரவில்லை. ஒரு நாள் வேலை செய்திருக்கிறார். மறுபடியும் இருபத்தொரு நாள் வரவில்லை."

வக்கீல் தன் தாளைப் பார்த்தார். "மகளின் பிரசவத்துக்கு ஜெர்மனி போயிருக்கிறார். இடையில் ஒரு நாள் வந்து வேலை செய்தால் தொடர்ச்சி முறிந்துவிடும் என்று பழைய மேற்பார்வையாளர் சொல்லிக் கொடுத்திருக்கிறார். அதில் சட்டவிரோதம் எதுவும் இல்லை. மற்றவர்களும் அப்படிச் செய்திருக்கலாம்."

"சிஞ்ஞோரா" என்று டொத்தோரெஸ்ஸா முதல் தடவையாக என்னைப் பார்த்தார். "யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு நாள் வேலைக்கு வந்துவிட்டுத் திரும்பிப் போக முடியுமா?"

"போக ஒன்றரை நாள், வர ஒன்றரை நாள்" என்றேன். "முடியாது."

"சரி" என்றார் வக்கீல். "ஆனால் ஒரு மரணச் சடங்குக்கு முப்பது நாளுக்கு மேலா? இங்கே சட்டம் தருவது மூன்று நாள். யாருமே முப்பதாம் நாள் புறப்பட்டு வந்திருக்க முடியாதா?"

டொத்தோரெஸ்ஸா என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

நான் சொன்னேன். முப்பத்தோராம் நாள் பிள்ளைகள் செத்தவருக்குக் கடைசிக் கடமையைச் செய்து வழியனுப்புகிறார்கள். அதுவரை வீட்டில் துடக்கு, அதாவது தீட்டு; நல்லது கெட்டது எதற்கும் வெளியே போக மாட்டார்கள். முப்பதாம் நாள் புறப்பட்டு வா என்பது, பிரேதத்தைத் தூக்கி வாசலில் வைத்துவிட்டு வா என்பதற்குச் சமம். இவ்வளவும் சொல்லிவிட்டு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. "நான் என் தாய்க்குப் பன்னிரண்டாம் நாள் புறப்பட்டு வந்தவள். வந்து இந்த அலுவலகத்தில்தான் உட்கார்ந்தேன். அப்படி வந்ததை நல்ல ஊழியரின் அடையாளம் என்று நினைத்தேன். உங்கள் வரியை வாசித்தபோதும் அதே நினைப்பில் சரி போட்டேன். அது பிழை. என் தாய் விஷயத்திலும் பிழை, இந்தப் பதினான்கு பேர் விஷயத்திலும் பிழை."

டொத்தோரெஸ்ஸா தன் வழக்கமான தாழ்ந்த குரலில் சொன்னார்: "வக்கீல் அவர்களே, உங்கள் எண் எல்லோருக்கும் ஒன்றுதான். ஜெர்மனிக்குப் போனவருக்கு அதிலிருந்து தப்ப ஒரு வழி இருந்தது. இந்தப் பதினான்கு பேருக்கு இருக்கவில்லை. இந்தப் பட்டியலோடு நகரசபை கையெழுத்திடாது. பத்து நாள் தருகிறேன்."

வக்கீல் நீதிமன்றம் போவோம் என்றார். போகலாம் என்றார் டொத்தோரெஸ்ஸா. அன்று பின்னேரமே ஒன்றரைப் பக்கத்தில் காரணங்களை எழுதி, அட்டவணையையும் இணைத்து அனுப்பினார். நானும் வாசித்தேன். எடுக்கவும் போடவும் ஒரு சொல் இருக்கவில்லை.

ஒன்பது நாள் நான் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. கோயிலில் புவனம் என்னைக் கண்டால் மற்றப் பக்கம் போவாள். சொல்லவும் முடியாது, சொல்லாமல் இருக்கவும் முடியாது. வாய் அதிகமான ஒருத்திக்கு அதைவிடத் தண்டனை என்ன இருக்கிறது.

ஒன்பதாம் நாள் மதியம் புதிய பட்டியல் வந்தது. முப்பது நாள் வரியே இல்லை. பதினான்கு பேரும் உள்ளே. நான் கதிரையிலிருந்து எழும்பி அலுவலகத்தை ஒரு சுற்று நடந்தேன். மறுநாள் உளுந்து வடை சுட்டுக்கொண்டு போனேன். அலுவலகத்தில் பச்சைத் தண்ணீரும் குடிக்காத டொத்தோரெஸ்ஸா யன்னலோரம் நின்றபடி இரண்டு வடை சாப்பிட்டார். "படிவத்தில் ஒரு வரி சேர்க்க வேண்டும். அதை நீங்கள் எழுதுங்கள்" என்றார். எழுதினேன். நாள்கணக்கில் எந்த எல்லை வைத்திருந்தாலும், அதனால் வெளியே நிற்பவர்களின் பிறந்த ஊரையும், அவர்கள் வராத காரணத்தையும், இடையில் வந்துபோக வழி இருந்ததா என்பதையும் கேட்கவும். அதுதான் பதினேழாம் வரி.

ஒப்பந்தம் கையெழுத்தானது. பதினான்கு பேரும் அதே காப்பகங்களில், அதே வேலை நேரத்தில் தொடர்ந்தார்கள். புவனத்தின் பெர்மெஸ்ஸோ பங்குனியில் புதுப்பிக்கப்பட்டது, பிள்ளைகளுடையதும் சேர்ந்து. இதையெல்லாம் நான் மற்றவர்கள் சொல்லித்தான் அறிந்தேன். அவள் என்னோடு பேசவில்லை. நானும் போய் நான்தான் செய்தேன் என்று சொல்லவில்லை. செய்தது டொத்தோரெஸ்ஸா. அந்தக் கோடையில் நான் ஓய்வு பெற்றேன்.

புரட்டாதி முடிகிற நேரம் ஒருநாள் புவனம் வீட்டுக்கு வந்தாள். உள்ளே வரச் சொன்னேன். வந்து இருந்தாள், தேத்தண்ணி வேண்டாம் என்றாள், பிறகு குடித்தாள்.

"அக்கா, நீங்கள் என்ன செய்தனீங்கள் எண்டு எனக்குத் தெரியாது. கந்தோரிலை ஆரோ ஒரு தமிழ் மனிசி தன்ரை தாயின்ரை கதையைச் சொன்னதெண்டு கொம்பனிக்குள்ளை கதைக்கினம். இஞ்சை உங்கட கந்தோரிலை எத்தினை தமிழ் மனிசி இருக்கினம்?"

"நான் ஒருத்திதான்."

"ஓம். அதுதான் வந்தனான்." கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள். "இதை ஒருக்காப் பாருங்கோ."

அது அவளுடைய லீவுப் படிவம். புதிய நிறுவனத்தின் படிவம். காரணம் என்ற இடத்தில் தகப்பனாரின் முதலாம் ஆண்டுத் திவசம் என்று இத்தாலிய மொழியில் எழுதியிருந்தது. எழுத்துக் கொஞ்சம் கோணல். இரண்டு பிழை இருந்தது.

"ஆர் எழுதித் தந்தது?"

"நான்தான். கடைக்கார அண்ணரிட்டைக் குடுத்தால் குடும்பக் காரணம் எண்டு எழுதிப்போடுவார். நான் ஏன் ஒளிக்க வேணும்? என்ரை அப்பாதானே."

முப்பத்தைந்து நாள், ஒரே துண்டாகக் கேட்டிருந்தாள். கீழே நிறுவனத்தின் முத்திரையும், அனுமதிக்கப்படுகிறது என்ற சொல்லும், ஒரு கையொப்பமும் இருந்தன. எத்தனையோ வருடம் பத்திரம் பார்த்த கண், நம்பாமல் மூன்று தடவை பார்த்தது. எல்லாம் சரியாக இருந்தது.

அவள் போன பிறகு நான் வாய்விட்டு அழுதேன், சந்தோசத்தில். என் அம்மாவுக்கு நான் கொடுக்காத நாட்களை இவள் தன் தகப்பனுக்குக் கொடுத்துவிட்டு வரப்போகிறாள். வந்த மறுநாள் காலை அல்பெர்கேரியாவில் காப்பகத்தின் கதவைத் திறக்கப்போவதும் அவள்தான்.